ஒரு கண்ணாடி, இரு காட்சி, எத்தனை உலகம்?

இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஓடும் ரயிலின் சன்னல் கண்ணாடியில் இரண்டு காட்சிகள் ஒரே இடத்தில் தெரிகின்றன. வெளியே பனைமரங்களும் மின்கம்பங்களும் பின்னோக்கி ஓடுகின்றன. அவற்றின் மேலேயே பெட்டியின் விளக்கும், எதிர் இருக்கைக்காரரின் சட்டையும், பார்ப்பவரின் முகமும் அசையாமல் நிற்கின்றன. பனைமரம் முகத்துக்குள் புகுந்து வெளியேறுகிறது. முகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இப்படிப்பட்ட காட்சியிலிருந்து பெரியதொரு முடிவுக்குப் போகிறவர்கள் உண்டு. நாம் வாழும் உலகத்தின் மேலேயே வேறு உலகங்களும் படிந்து கிடக்கின்றன, வழக்கமாகக் கண்ணுக்குத் தப்பும் அந்த அடுக்கு சில தருணங்களில் தன்னைக் காட்டிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. அறிவியல் புனைகதைகளும் ஆன்மிகச் சொற்பொழிவுகளும் இந்த ஒரு புள்ளியில் கைகோத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் துணையாக 'குவாண்டம்' என்ற சொல் அழைக்கப்படுகிறது.

இதைச் சிரித்து ஒதுக்குவது எளிது; ஆனால் அது திறனாய்வு ஆகாது. இந்தக் கட்சிக்குள் மூன்று கூற்றுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, நம் பார்வையில் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இரண்டு, உலகங்களே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. மூன்று, முதலாவதே இரண்டாவதற்குச் சான்று. முதல் கூற்றை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது, வேறு வழியில் என்றாவது நிறுவப்படலாம். இங்கே எடைபோட வேண்டியது மூன்றாவதைத்தான்.

அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது: இன்னும் கூர்ந்து பார்த்தால், அதாவது கூடுதல் தகவல் கிடைத்தால், அந்தப் படிவு என்ன ஆகிறது? அது உலகத்தின் இயல்பு என்றால், பார்க்கப் பார்க்க உறுதிப்பட வேண்டும். பார்வையின் போதாமை என்றால், பார்க்கப் பார்க்கக் கலைய வேண்டும்.

கண்ணாடியின் கணக்கு

சாதாரணச் சன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்னும் பின்னுமாக இரண்டு பரப்புகள். ஆக ஏறத்தாழ 8 சதவீதம். ஒளி மிகவும் சாய்ந்து விழும்போது இந்த அளவு கூடும். இதற்கான சமன்பாடுகளை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் தந்துவிட்டார்.

இந்த 8 சதவீதம் நண்பகலிலும் இருக்கிறது. ஆனால் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளியூட்டும் வெளிப்புறத்தின் முன்னால், சில நூறு லக்ஸ் விளக்கொளியில் இருக்கும் பெட்டியின் பிரதிபலிப்பு எடுபடாது. பொழுது சாய்ந்து, வெளியொளி இறங்கி, உள்ளொளியின் அந்தச் சிறு பங்குக்கு நிகராக வரும் குறுகிய நேரத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. முழு இருட்டில் முகம் மட்டும் மிஞ்சுகிறது. 'மற்ற உலகம்' எப்போது வெளிப்படும் என்பதை, சூரியன் எங்கே இருக்கிறது, விளக்கு எவ்வளவு எரிகிறது என்ற இரண்டுமே முடிவுசெய்கின்றன.

இந்தக் கணக்கை மேடையேற்றிக் காட்டியவர் லண்டனின் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹென்றி பெப்பர். 1862 கிறிஸ்துமஸ் காலத்தில், ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளரின் கருத்தை எளிமைப்படுத்தி, சார்லஸ் டிக்கன்ஸ் கதை ஒன்றின் காட்சியில் அவர் ஆவியை நடமாட விட்டார். மேடைக்கு முன்னால் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் ஒரு நடிகர். அவர்மேல் வலுவான விளக்கு. விளக்கைக் கூட்டினால் ஆவி வந்தது, குறைத்தால் போனது.

இதற்கும் அடியில் இன்னொரு செய்தி இருக்கிறது. விழித்திரையின் ஒரு புள்ளிக்கு வந்து சேர்வது கலந்துபோன ஒற்றை ஒளிதான். இதில் பனைமரத்தின் பங்கு எவ்வளவு, முகத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒளி சொல்வதில்லை. பிரித்துப் பார்ப்பது மூளை. எந்த நிபந்தனைகளில் மூளை ஒரு பரப்பை இரண்டு அடுக்காகப் பிரிக்கும் என்பதை இத்தாலியின் பதுவா நகர உளவியலாளர் ஃபாபியோ மெத்தெல்லி ஆராய்ந்து 1974இல் விரிவாக எழுதினார். விளிம்புக் கோடுகள் தொடர்ச்சியாக ஓட வேண்டும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் ஒரு வரிசைக்குள் அடங்க வேண்டும். இவை அமைந்தால், ஒளி துளியும் ஊடுருவாத காகிதத் துண்டுகளை அருகருகே ஒட்டிவைத்தாலே, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் மெல்லிய திரைபோலத் தோன்றும். அடுக்கே இல்லாத இடத்தில் அடுக்கைக் காணக் கண்ணால் முடியும் என்றால், அடுக்கைக் கண்டோம் என்பது எந்த அளவுக்குச் சான்றாகும்?

இனி அளவுகோலை வைத்துப் பார்ப்போம். ரயில் சன்னலில் தலையைச் சற்று இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். பிரதிபலித்த முகம் ஒரு விதமாக நகர்கிறது, வெளிமரம் வேறு விதமாக நகர்கிறது. முகத்தின் பிம்பம், முகம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் பின்னால் இருப்பதாகக் கண்கள் கணக்கிடுகின்றன. மரம் அதற்கும் வெகு தொலைவில். ஒன்றைக் கூர்ந்தால் மற்றது மங்குகிறது. கூடுதல் தகவல் வந்ததும் இரண்டு உலகம் ஒரே வெளியில் இருக்கும் இரண்டு தூரங்களாகிவிடுகிறது.

அத்ஜேயின் கடைச் சன்னல்

அப்படியானால் இந்தக் காட்சி ஏன் இத்தனை பேரை மயக்குகிறது? விடையின் ஒரு பகுதி பாரிஸ் நகரில் இருக்கிறது. ஒளிப்படக்காரர் யூஜீன் அத்ஜே 1925இல் கோப்லேன் சாலையின் துணிக்கடைச் சன்னல் ஒன்றைப் படமெடுத்தார். ஆண்களுக்கான உடைகளை அணிந்த பொம்மைகள் உள்ளே நிற்கின்றன. எதிர்ப்புறக் கட்டிடமும் மரக்கிளைகளும் அவற்றின் மேலேயே படர்ந்திருக்கின்றன. பொம்மைகள் தெருவில் நிற்கின்றனவா, தெரு கடைக்குள் புகுந்துவிட்டதா என்று சொல்ல முடியாத படம். மிகை யதார்த்தவாதிகள் அத்ஜேயிடம் தங்கள் முன்னோடியைக் கண்டார்கள். 1926இல் அவர்களுடைய இதழின் அட்டையில் அவருடைய படம் ஒன்று வந்தது. தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அத்ஜே சொன்னதாக, அதே தெருவில் வசித்த கலைஞர் மேன் ரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இரு தரப்பும் சரி என்று சமாதானம் பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கடையின் முன்னால் நின்ற மனிதருக்கு அத்ஜேயின் படம் தரும் மயக்கம் கிடைத்திருக்காது. அவருக்கு இரண்டு கண்கள் இருந்தன, கழுத்து திரும்பியது, கால் நகர்ந்தது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அதுவும் அசையாத கண். தூரத்தைச் சொல்லும் தகவல்கள் பெரும்பாலும் படத்தில் இல்லை. கண்ணாடியின் பரப்பு, அதன் பின்னால் பொம்மை, எதிரே கட்டிடம் என்ற மூன்று தூரங்களும் ஒரே தாளில் தட்டையாகிவிட்டன. படம் நேர்க்காட்சியைவிட வலுவாக இன்னோர் உலகத்தைக் குறிப்பாலுணர்த்துகிறது. காரணம், நேர்க்காட்சியைவிட அதில் தகவல் குறைவு. கலைக்கு இது பலம். அதையே சான்றாக்க முயல்பவருக்கு இது பலவீனம்.

இரு கண், ஒரு முடிவு

கண்ணாடியே தேவையில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். தொலைவில் உள்ள சுவரைப் பார்த்தபடி முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்துங்கள். விரல் இரண்டாகிறது, இரண்டும் ஒளி ஊடுருவுவதுபோலத் தெரிகின்றன, அவற்றினூடே சுவர் முழுமையாகத் தெரிகிறது. திடப்பொருள் ஒன்று நம் கண் முன்னாலேயே ஆவியாகிறது.

ஒரு கண்ணை மூடினால் ஒரு விரல் மறைகிறது. விரலையே நேராகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகி, கெட்டிப்பட்டுவிடுகிறது. சில சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு கண்கள் ஒரே விரலை இரண்டு கோணத்தில் காண்கின்றன. ஒரு கண்ணுக்கு மறைந்த சுவர்ப்பகுதி மற்றக் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வேறுபாட்டைக்கொண்டுதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் காட்டினார்.

அதே கருவி இன்னொன்றையும் வெளிக்கொண்டுவந்தது. இந்த வழக்குக்கு அது முக்கியமானது. இரண்டு கண்களுக்கும் முற்றிலும் வேறுவேறு படங்களைக் காட்டினால் என்ன ஆகும்? படிந்திருக்கும் உலகங்களை ஏற்கும் பார்வை என்றால், இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிலைத்துத் தெரிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. சில நொடி ஒரு படம், சில நொடி மற்றது என மாறி மாறி வருகின்றன. இடையில் துண்டு துண்டாகக் கலந்தாலும் அது நிலைப்பதில்லை. 1997இல் ஷைன்பெர்க், லோகோதெதிஸ் இருவரும் குரங்குகளில் செய்த சோதனையில், பொருள்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியின் நரம்பணுக்களில் சுமார் 90 சதவீதம் அந்த நேரத்தில் மேலோங்கிய படத்தையே பின்பற்றின. 1832இல் சுவிஸ் நாட்டு நெக்கர் விவரித்த கனசதுரக் கோட்டுப் படமும் இப்படித்தான்: இந்தப் பக்கம் முன்னால், இல்லை அந்தப் பக்கம் முன்னால் என்று புரண்டுகொண்டே இருக்கும், இரண்டும் சேர்ந்து ஒருபோதும் தெரியாது.

ஓர் இடத்தில் ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்ற விதியின்படியே பார்வை இயங்குகிறது. கண்ணாடி, திரை, புகை என்று நியாயமான விளக்கம் கிடைத்தால் மட்டும் இரண்டு அடுக்கை அனுமதிக்கிறது. கிடைக்காவிட்டால் ஒன்றை விலக்கிவிடுகிறது. பல உலகங்களுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட கண், கூண்டில் ஏறி நின்று எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்கிறது.

பழைய ஒளி

கூர்ந்து பார்த்தாலும் கலையாத படிவு ஒன்று உண்டு. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். இரவு வானம்தான் அது. நிலவின் ஒளி வந்துசேர 1.3 வினாடி ஆகிறது. சிரியஸ் விண்மீனின் ஒளி 8.6 ஆண்டு பழையது. தெளிந்த இருட்டில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் ஆண்ட்ரொமீடா மண்டலத்தின் ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் புறப்பட்டது. 1987 பிப்ரவரியில் தென் வானில் ஒரு விண்மீன் வெடித்ததைக் கண்டார்கள். அந்த வெடிப்பு நடந்து சுமார் 1,68,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே பார்வையில் பல காலங்கள் அருகருகே நிற்கின்றன. எந்தத் தொலைநோக்கியாலும் இதைக் கலைக்க முடியாது. துல்லியம் கூடக் கூட இது உறுதியாகிறது.

என் அளவுகோலில் இது தேறுகிறது. ஆனால் தேறியது என்ன என்று பார்க்க வேண்டும். ஒளிக்கு வேகம் உண்டு, தூரம் வேறுபடுகிறது. இந்த இரண்டிலிருந்தே எல்லாம் பெறப்படுகின்றன. பல காலங்கள் உண்மை. பல உலகங்கள் இதிலிருந்து கிடைக்கவில்லை. 'இப்போது' என்று நாம் நினைக்கும் காட்சி பல காலத்துச் செய்திகளின் தொகுப்பு என்பதே கிடைக்கும் பாடம்.

குவாண்டம் தரப்பின் வாதம்

இனி வலுவான வாதம். சன்னல் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்புகிறது என்றேன். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. நூறு ஃபோட்டான்களில் திரும்பப்போகும் நான்கு எவை? முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ரிச்சர்ட் ஃபைன்மன் 1985இல் வெளியான தன் பொது வாசகர் நூலில் ஒளியின் புதிரை இந்தக் கண்ணாடியிலிருந்தே தொடங்கினார். 1957இல் பிரின்ஸ்டனில் ஹ்யூ எவரெட் முன்வைத்த கோட்பாட்டின்படி இரண்டுமே நடக்கின்றன. ஒரு கிளையில் ஃபோட்டான் திரும்புகிறது, மற்றதில் ஊடுருவுகிறது. 1997இல் வந்த 'தி ஃபேப்ரிக் ஆஃப் ரியாலிட்டி' நூலில் டேவிட் டாய்ச் இதை ஒரு விளக்கிலும் அதன் நிழலிலும் தொடங்கி வாதிட்டார். இரண்டு பிளவுகள் வழியே ஒளியை விட்டால் திரையில் ஒளிரும் ஓரிடம், நான்கு பிளவுகளாக்கினால் இருண்டுவிடுகிறது. கூடுதலாக வழி திறந்தும் ஒளி வரவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஃபோட்டானை அனுப்பினாலும் இதுவே நடக்கிறது. எதனோடோ அது குறுக்கிடுகிறது. அந்த 'எது' இணை உலகங்களின் ஃபோட்டான் என்பது டாய்ச்சின் முடிவு.

இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. இங்கே புதிர் கருவி கூர்மையாகக் கூர்மையாகக் கலையவில்லை, இறுகுகிறது. ஆனாலும் நம் வழக்கில் இது உதவாது, காரணங்கள் மூன்று.

முதலாவது, இங்கே முடிவைத் தருவது பார்வை அல்ல. கட்டுப்படுத்திய சோதனையும் அதன்மேல் எழுப்பிய தருக்கமும். இரண்டாவது, அதே சோதனை முடிவுகளை, 1952இல் டேவிட் போம் முன்வைத்தது உள்பட வேறு விளக்கங்களும் இணை உலகங்கள் இல்லாமலே தருகின்றன. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எவரெட்டின் பல்லுலகக் கோட்பாடு சரி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் காற்றோடும் ஒளியோடும் உறவாடும்போது கிளைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் ஆற்றலை மிக விரைவாக இழந்துவிடுகின்றன. 1970இல் டீட்டர் ட்ஸே தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான். ஆகவே ஒரு கிளையில் இருப்பவர் மற்றக் கிளையைப் பார்க்க முடியாது. ரயில் சன்னலிலோ முகமும் மரமும் இரண்டுமே தெரிகின்றன. கோட்பாடு சரியானால், அன்றாடக் கண்ணுக்கு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியவே கூடாது. தெரிவதைக் காட்டி அந்தக் கோட்பாட்டைத் துணைக்கு அழைப்பவர், அழைத்த விருந்தாளியையே வாசலில் மறிக்கிறார்.

நம் மரபின் விடைகள்

இந்தக் கேள்வி நம் மரபுக்குப் புதிதல்ல. கயிற்றில் பாம்பைக் காணும் உவமை அத்வைதத்தில் மிகப் புகழ்பெற்றது. அதை 'அடுக்குலகம்' என்று படிப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. அது தலைகீழ்ப் பாடம். விளக்கு வந்ததும் பாம்பு கயிற்றோடு சேர்ந்து இருப்பதில்லை, அது இல்லாமலாகிறது. அத்வைதம் பேசும் மெய்ம்மை நிலைகள் அருகருகே நிற்கும் உலகங்கள் அல்ல. உயர்ந்தது வந்தால் தாழ்ந்தது ரத்தாகும். அந்தத் தத்துவம் ஒன்றை நோக்கிப் போகிறது, பலவற்றை நோக்கி அல்ல.

இராமானுசரின் விடை வேறு. இந்த வழக்குக்கு அது நெருக்கமானது. எல்லா அறிவும் உள்ளதையே பற்றுகிறது என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் நிலை. விரலால் கண்ணை அழுத்தினால் நிலா இரண்டாவதற்கு, கண்ணின் கதிர் இரு வழியாகப் பிரிவதை அவர் காரணமாகக் காட்டுகிறார். கண்ணாடியில் முகம் தெரிவதற்கு, கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதையும், இடைவெளி உணரப்படாத அளவுக்கு அது விரைவதையும் காரணமாகக் காட்டுகிறார். கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்பது செல்லாது. இப்னுல் ஹைதம் அதை 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறுத்துவிட்டார். ஆனால் விளக்கத்தின் வடிவம் சரியானது. காட்சி இரண்டானால் உலகத்தை இரண்டாக்காதே, வழி எங்கே பிரிந்தது என்று தேடு. வீட்ஸ்டனும் மெத்தெல்லியும் அந்த வடிவத்தைத்தான் பின்பற்றினார்கள்.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அறிவின் குற்றங்கள் எட்டை வரிசைப்படுத்துகிறான். அவற்றில் மூன்று இங்கே பொருந்தும். இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். தூணோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். ஆராயாமல் தூணை மனிதன் என்று முடிவுசெய்வது தேராது தெளிதல். சன்னலில் இரண்டைக் கண்டு வியந்து நிற்பவர் ஐயத்தில் இருக்கிறார். அதில் இழுக்கில்லை, ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. தலையை அசைத்துப் பார்க்காமலே இரண்டு உலகம் என்று அறிவிப்பவர் மூன்றாவது குற்றத்துக்கு ஆளாகிறார்.

தீர்ப்பு

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். தேனீ புற ஊதா ஒளியைக் காண்கிறது. அதற்குச் சிவப்பு தெரியாது. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி இதழில் அதற்கு வேறு கோலம் தெரிகிறது. ஒரே பூ, இரண்டு காட்சி உலகங்கள். ஒவ்வோர் உயிருக்கும் தனக்கேயான சூழுலகம் உண்டு என்று யாகோப் ஃபான் உக்ஸ்கியூல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். 'உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன' என்ற சொற்றொடரை இந்தப் பொருளில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பலவாக இருப்பது அறிவது. அறியப்படும் பூ ஒன்றுதான்.

மற்றபடி, வழக்கு நிற்கவில்லை. சன்னலிலும் விரலிலும் படிவு தகவல் குறைந்தபோது தோன்றி, தகவல் வந்ததும் கலைந்தது. முரண்பட்ட படங்களைக் கொடுத்தபோது கண்ணே ஒன்றைத் தேர்ந்தது. கலையாமல் நின்ற வானம் ஒரே உலகத்தின் பல காலங்களைக் காட்டியது. குவாண்டம் புதிர் திறந்தே இருக்கிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பு ஆய்வகத்துக்கும் கணிதத்துக்கும் உரியது, சாயங்காலச் சன்னலுக்கு அல்ல. அன்றாடப் பார்வையில் படிவன காட்சிகள். உலகங்கள் படிகின்றன என்பதற்கு அப்பார்வை சான்றாகாது. எழுத்தாளரும் ஒளிப்படக்காரரும் அந்தக் காட்சியைத் தாராளமாக ஆளட்டும். அதைக் காட்டி ஒருவர் தத்துவமோ அறிவியலோ விற்க வந்தால், தலையை ஒரு சாண் நகர்த்திப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.